ஒன்றரை மணிக்கு யாரும் வரவில்லை

மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்னபோது நான் ஃபிளாஸ்கின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலில் கிடந்த தம்பி அஸ்பாக் கண்ணைத் திறக்காமலே கதைத்தான்.

"காக்கா, எனக்கும் சேத்து துஆக் கேளுங்க. அப்படியே கஞ்சி எப்பத் தருவாங்க எண்டும் கேளுங்க."

குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. "கஞ்சிக்கெல்லாம் அல்லாஹ்வத் தொந்தரவு செய்யாத" என்று சொல்லிவிட்டு, ஃபிளாஸ்கைக் கட்டிலோரத்து லொக்கரின் மேல் வைத்தேன். என் கையில் இருந்தது வாப்பா விட்டுப்போன கைக்கடிகாரம். அது பன்னிரண்டு பத்துக் காட்டியது. பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

அவன் என்னோடு கதைத்த கடைசிக் கதை அது. அன்று பின்னேரம் அஸருக்கு முன் அவன் மௌத்தாகிவிட்டான். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூன் மாதம். அவனுக்கு வயது இருபத்தாறு.

முப்பத்தேழாம் நாள், வியாழக்கிழமை, உம்மு மிஸ்ஸியும் அவருடைய கணவர் றஸாக்கும் கல்முனைக்குடியில் என் வீட்டுக்கு வந்தார்கள். நூலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நான் வீட்டில் தனியாக இருந்தேன்.

உம்மு மிஸ்ஸியை எங்கள் கரையோரத்தில் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, காணாமற்போன நகையோ பெயர் போடாத கடிதமோ எதுவானாலும், பொலிஸுக்குப் போக வெட்கப்படுகிறவர்கள் அவரிடம் போனார்கள். நோயாளியைப் பார்ப்பது போலவே அவர் விஷயங்களையும் பார்ப்பார். அதிகம் கேட்கமாட்டார், தொட்டுப் பார்ப்பார், எண்ணுவார். றஸாக் பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வாய் மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

அவர்களை நான் இருக்கச் சொல்லவில்லை.

"நஸீறா அனுப்பினாளா?"

"ஓம்" என்றார் உம்மு மிஸ்ஸி.

"அப்ப வந்த வழியே போங்க."

"வந்த வழியெல்லாம் மணல், தம்பி" என்றார் றஸாக். "காரத் திருப்புறதெண்டா ரெண்டு பேர் தள்ளணும். தள்ளுறதெண்டாப் போறம்."

நஸீறாதான் அன்று தம்பியின் வார்ட்டில் நின்ற தாதி. தம்பி வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து மௌத்தானான் என்று சத்திரசிகிச்சை செய்த டொக்டர் சொன்னார். தாதி நேரத்துக்கு வந்து பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவமனை சொன்னது. நஸீறாவோ, தான் ஒன்றரை மணிக்கு வந்து நாடி பார்த்ததாகவும், நிலைமை மோசம் என்று கண்டு ஓடிப்போய் மருத்துவமனைச் சொந்தக்காரரிடம் சொன்னதாகவும் சாதித்தாள். பள்ளிவாசல் நிருவாகம் என்னைக் கேட்டது. நான் எழுந்து நின்று சொன்னேன்: "ஒன்றரை மணிக்கு நான் தம்பியின் பக்கத்தில்தான் இருந்தேன். யாரும் வரவில்லை. அவள் சொல்வது பொய்."

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. அவளுக்கு வேலை போயிற்று. அவளுடைய வீட்டு ஓடுகளில் கல் விழுந்தது. மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு அவளுக்கு எதிராக ஒரு மனு சுகாதாரத் திணைக்களத்துக்குப் போக இருந்தது. முதலாவது கையெழுத்துக்கான இடத்தை எனக்காக வெறுமையாக விட்டிருந்தார்கள். நான் வைத்துவிட்டால் அவள் இனி எந்த வார்ட்டிலும் நிற்க முடியாது. நான் அந்தக் கையெழுத்துக்காக நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உம்மு மிஸ்ஸி சட்டென்று என் இடது கையைப் பிடித்தார்.

"விடுங்க மிஸ்ஸி."

"ஒரு நிமிசம்."

பெருவிரலுக்குக் கீழே மூன்று விரல்களை வைத்து, என் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முழுதாக ஒரு நிமிடம்.

"கால் நிமிசம் எண்ணி நாலால பெருக்கினாப் போதாதா?" என்றேன் எரிச்சலோடு.

"பெருக்குறவங்களுக்கு நாடி விட்டு விட்டு அடிக்கிறது தெரியாது" என்றார். "தொண்ணூத்தேழு. சும்மா நிக்கிற மனிசனுக்கு இது கூட. ஒங்களுக்கு என்னில கோவம்."

"அதுக்கு நாடி பாக்கத் தேவல்ல. மொகத்தப் பாத்தாலே தெரியும்."

"கலியாணத்துக்கு முந்தி என்ட நாடியும் பாத்தவ, தம்பி" என்றார் றஸாக். "எழுவத்திரண்டு இருந்திச்சி. முப்பது வருசமாகுது, பிறகு அத எறங்க விடல்ல."

நான் சிரிக்கவில்லை. உம்மு மிஸ்ஸி கையை விட்டார்.

"நாடி, பிரஷர் எழுதின தாள எனக்குக் காட்டமாட்டாங்க. அவன்ட காக்கா நீங்க கேட்டாக் காட்டுவாங்க. வாங்க. நான் பிழையெண்டா, அந்த மனுவில ஒங்களுக்கு முந்தி நான் கையெழுத்து வெக்கிறன்."

அவர் தோற்பதைப் பார்க்கத்தான் போனேன். எழுத வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

றஸாக்கின் மொறிஸ் மைனர் காரில் முன்சீற்றுக்கு நடுவே ஒரு வாழைப்பழச் சீப்பு இருந்தது. ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டே ஓட்டினார்.

"மே மாசம் அரசாங்கம் மணிக்கூட்டெல்லாம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிச்சே, கரண்டு மிச்சம் புடிக்கிறதெண்டு. அண்டையிலருந்து என்ட பாடு கஷ்டம் தம்பி. வவுறு பழைய நேரம், மிஸ்ஸி சோறு போடுறது புது நேரம். நடுவில நான் வாழப்பழம்."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார் உம்மு மிஸ்ஸி.

கடற்கரை வீதியில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. பத்துக் கட்டில். சொந்தக்காரர் மீராமுகைதீன் ஹாஜியார் வைத்தியர் அல்ல, சீமெந்து வியாபாரி. வெளியூரிலிருந்து வரும் டொக்டர் வாரத்தில் இரண்டு நாள் ஹாஜியாரின் வீட்டில் தங்கிச் சத்திரசிகிச்சை செய்வார்.

ஹாஜியார் எனக்கு மட்டும் சலாம் சொன்னார்.

"இவங்களோட ஏன் தம்பி திரியறீங்க? நாப்பதாம் நாள் கத்தம் வருது. மனச ஆத்துற வழியப் பாருங்க."

"தம்பிட தாளப் பாக்கணும்" என்றேன்.

"மனு போகட்டும். பிறகு பாக்கலாம்."

"குடுக்காட்டிப் பரவால்ல ஹாஜியார்" என்றார் றஸாக். "ஏன் குடுக்கல்ல எண்டு நாளைக்குப் பள்ளியில கேப்பாங்க. நான் கேக்கமாட்டன், எனக்குத் தொண்ட சரியில்ல. ஊருல வேற தொண்டையள் இரிக்கி."

ஹாஜியார் அவரை முறைத்தார். மேசை லாச்சியை இழுத்து இரண்டு தாள்களை என் முன்னால் எறிந்தார். ஒன்று தம்பியை அனுமதித்த இரவு எழுதியது. மற்றது சத்திரசிகிச்சைக்குப் பிந்தியது.

"ரெண்டாவது தாள வாசிங்க தம்பி" என்றார் உம்மு மிஸ்ஸி. "சத்தமா."

வாசித்தேன். பன்னிரண்டு மணி: நாடி எண்பது, பிரஷர் நூற்றியிருபதுக்கு எண்பது, மூச்சு இருபது, உடற்சூடு தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு. ஒரு மணிக்கும் அதேதான். ஒன்றரைக்கும் அதேதான். இரண்டுக்கும் அதேதான். மூன்று மணிக்கு மரணம்.

"நாலு தரம் எண்ணி நாலு தரமும் எண்பதா?" என்றார் றஸாக். "கட்டில்ல கெடந்தது மனிசனா, சுவர் மணிக்கூடா?"

"அதத்தான் நாங்களும் சொல்றம்" என்றார் ஹாஜியார். "அவ வார்ட்டுக்கே போகல்ல. மேசையில இருந்துக்கிட்டு எழுதியிரிக்கா. அதுக்குக் காக்காவே சாட்சி."

உம்மு மிஸ்ஸி என்னிடம் திரும்பினார்.

"வவுத்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா என்ன நடக்கும் தெரியுமா தம்பி? நெஞ்சு ஓடத் தொடங்கும். மிச்சமிருக்கிற ரத்தத்த வெச்சே உடம்பு முழுக்கச் சமாளிக்கப் பாக்கும். அதால முதல்ல நாடி ஏறும். மூச்சு ஏறும். கை கால் குளிரும். பிரஷர் கடைசியாத்தான் விழும். எண்பதில நிண்ட நாடி நேரா மௌத்துக்குப் போகாது. இந்தத் தாள் பொய்."

"பொய்யெண்டு நீங்களே சொல்றீங்க" என்றேன். "அந்தப் பொய்ய எழுதினது அவள்தானே?"

"அதத்தான் பாக்கப் போறம். ஹாஜியார், வார்ட்டில சூடு பாக்குற தேர்மோமீட்டர் ஒண்டு எடுப்பியுங்க."

ஹாஜியார் வேண்டாவெறுப்பாகக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்தாள். உம்மு மிஸ்ஸி அதைக் கழுவி, இரண்டு தரம் உதறி, றஸாக்கின் நாக்குக்கு அடியில் வைத்தார்.

"மூண்டு நிமிசம் வாய மூடிக்கிட்டு இருங்க."

ஊரே அறிந்த அந்த வாய் மூன்று நிமிடம் மூடியிருந்தது. கண்ணால் மட்டும் என்னவோ முறையிட்டார். பிறகு உம்மு மிஸ்ஸி அதை எடுத்து, தான் பார்க்காமலே ஹாஜியாரிடம் நீட்டினார்.

"வாசிங்க."

ஹாஜியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தார். உருட்டினார். திரும்பவும் உருட்டினார்.

"முப்பத்தேழு" என்றார் மெல்ல.

"அதில தொண்ணூத்தெட்டுப் புள்ளி நாலு எங்க இரிக்கி?"

நான் எட்டிப் பார்த்தேன். முப்பத்தைந்தில் தொடங்கி நாற்பத்திரண்டில் இலக்கங்கள் முடிந்தன. அதற்கு மேல் கண்ணாடிதான்.

"மார்ச் மாசம் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் பெட்டியோட குடுத்த செல்சியஸ் தேர்மோமீட்டர். இந்த வார்ட்டில வேற தேர்மோமீட்டரே இல்ல. இஞ்ச பாருங்க." உம்மு மிஸ்ஸி முதல் தாளை என் பக்கம் தள்ளினார். "அனுமதிச்ச இரவு நஸீறா எழுதினது. காய்ச்சல் முப்பத்தேழு தசம் ஒம்பது. கடைத்தெருவில நாம எல்லாரும் காய்ச்சல நூறு, நூத்தியொண்டு எண்டுதான் கதைக்கிறம். ஆனா இந்த வார்ட்டில தினமும் நிக்கிற புள்ள, பொய் எழுதினாலும் முப்பத்தாறு, முப்பத்தேழு எண்டுதான் எழுதுவா. தொண்ணூத்தெட்டுப் புள்ளி நாலு, தேர்மோமீட்டரக் கையால தொடாத ஆள் எழுதின பொய்."

"தாள்ல சீமெந்து வாசமும் வருது" என்றார் றஸாக். வாய் திரும்பக் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

ஹாஜியாரின் கழுத்து சிவந்தது. அடிக்க வருவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"சரி. பழைய தாள்ல ரத்தம் பட்டுக் கெடந்திச்சி. நல்ல தாள்ல நான்தான் எழுதிவெச்சன். அதுக்கென்ன? அவ ஒண்டரைக்கு வந்து நாடி பாத்தாளாம், என்னட்ட ஓடிவந்து சொன்னாளாம். தாள விடுங்க. சாட்சியக் கேளுங்க." என்னைச் சுட்டினார். "தம்பி, ஒண்டரைக்கு ஆரும் வந்தாங்களா?"

"வரல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"மணிக்கூட்டப் பாத்துத்தான் சொல்றன்."

ஹாஜியார் எழுந்தார். "கேட்டீங்கதானே மிஸ்ஸி. இனி இந்தக் கேற்றத் தாண்டி வந்தாப் பொலிஸுக்குச் சொல்லுவன்."

"சொல்லுங்க ஹாஜியார்" என்றார் றஸாக். "எங்கட காரத் தள்ள ரெண்டு பேர் தேவதான்."

காரில் நான்தான் முதலில் கதைத்தேன். வென்ற குரலில் கதைத்தேன்.

"ஹாஜியாரும் கள்ளன், அவளும் கள்ளி. அவ்வளவுதான் நீங்க கண்டுபுடிச்சது."

கடலைப் பார்த்துக்கொண்டு இருந்த உம்மு மிஸ்ஸி வேறெதையோ கேட்டார்.

"நஸீறாக்கு ஒரு பழக்கம். நாடி எண்ணின கையோட ஒரு பிளாஸ்டர்த் துண்டில எழுதி, கிட்டக் கெடக்குற ஏதாவது சாமானில ஒட்டிவெப்பா. பிறகுதான் தாள்ல ஏத்துவா. அண்டைக்கும் ஒட்டினாளாம். ஓடின ஓட்டத்தில எதில ஒட்டினன் எண்டு ஞாபகமில்லையாம். வார்ட்டில தேடிட்டா, இல்ல. தம்பி, அந்த லொக்கருக்கு மேல என்ன இருந்திச்சி?"

"ஒண்டுமில்ல. எங்கட ஃபிளாஸ்க் மட்டும்…"

றஸாக் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

ஜனாஸாவோடு வீட்டுக்கு வந்த அன்று யாரோ அந்த ஃபிளாஸ்கைத் துணிப்பையில் போட்டு என் கையில் தந்திருந்தார்கள். நான் அதை அறைக்கதவின் பின்னால் ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர்கள் முன்னால் பையை இறக்கினேன். உள்ளே அன்றைய தேத்தண்ணி குலுங்கியது.

சிவப்பு ஃபிளாஸ்கின் வயிற்றில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நீலப் பேனையால் மூன்று வரி:

1.20 — நாடி 112 — 100/70 — மூச்சு 24
1.30 — நாடி 126 — 80/50 — மூச்சு 28 — 36.0
1.35 ஹாஜியாரிடம் சொன்னேன்

உம்மு மிஸ்ஸி அதை வாசித்துவிட்டுக் கண்ணை மூடினார். "பத்து நிமிசத்தில பதினாலு ஏறியிரிக்கி" என்றார்.

"பொய்!" என்று கத்தினேன். "இது பிறகு ஒட்டினது."

"பிறகெண்டா எப்ப? இது ஒங்கட வீட்டில, ஒங்கட ஆணியில தொங்கினது."

"ஒண்டரைக்கு நான் அங்க இருந்தன்! வல்லாஹி இருந்தன்! அவன்ட கையப் புடிச்சிக்கிட்டு இருந்தன்!"

அப்போது அஸருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது.

"இப்ப நேரமென்ன தம்பி?" என்றார் உம்மு மிஸ்ஸி. மிக மெதுவாகக் கேட்டார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். "மூண்டு இருவத்தஞ்சி."

றஸாக் பகிடி எதுவும் விடவில்லை. தன் கைக்கடிகாரத்தை என் முன்னால் நீட்டினார். நாலு இருபத்தைந்து.

வாப்பாவின் கடிகாரத்தை நான் புது நேரத்துக்குத் திருப்பவே இல்லை. சூரியன் நேரம் மாற்றவில்லை, நான் ஏன் மாற்ற வேண்டும் என்ற பிடிவாதம். நூலகத்துக்குப் போகும்போது மனதுக்குள் ஒரு மணியைக் கூட்டிக்கொள்வேன். மற்ற வேளைகளில் மறந்துவிடுவேன். ஊரில் பலர் அப்படித்தான் இருந்தார்கள். பள்ளிவாசலில் என்னை விசாரித்தவர்களில் ஒருவர்கூட, எந்த நேரம், பழையதா புதியதா என்று கேட்கவில்லை.

நான் தொழப் புறப்பட்ட பன்னிரண்டு பத்து, நஸீறாவின் கணக்கில் ஒன்று பத்து. நான் பள்ளிவாசலில் தொழுகை ஸஃப்பில் நின்றபோதுதான் அவளுடைய மூன்று விரல்கள் என் தம்பியின் கையில் இருந்தன. அவள் ஹாஜியாரிடம் ஓடினாள். டொக்டர் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், கொஞ்சம் பொறு என்றார் அவர். திரும்பி வந்து அதையும் பிளாஸ்டரில் எழுதிவிட்டு, பொறுக்காமல் அவள் ஹாஜியாரின் வீட்டுக்கே போய்க் கேற்றில் தட்டிக்கொண்டு நின்றாள். டொக்டரைக் கூட்டிக்கொண்டு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் நான் திரும்பி வந்து கட்டிலோரம் இருந்தேன். என் கடிகாரத்தின் ஒன்றரை மணி அப்போதுதான் வந்தது. யாரும் வரவில்லை என்று நான் சொன்னது சரி.

தம்பி நித்திரை என்று நினைத்தேன், லொக்கர் பக்கம் திரும்பவே இல்லை. கை குளிர்ந்திருந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்து அதன் வேகத்தைக் குறைத்தேன். சாரனை இழுத்துப் போர்த்திவிட்டுத் திரும்பவும் கையைப் பிடித்துக்கொண்டேன். நஸீறா எண்ணியது என் விரலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எண்ணத் தெரியவில்லை.

"நாடி பாக்கக்குள்ளயே ஒங்கட மணிக்கூட்டக் கண்டன்" என்றார் உம்மு மிஸ்ஸி.

"அப்பவே ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க முள்ளத் திருப்பி வெச்சிருப்பீங்க. அவளுக்கெண்டு இருந்த சாட்சி ஒங்கட கையிலதான் இருந்திச்சி. அதாலதான் ஹாஜியாரிட்டயும் நான் வாய் தொறக்கல்ல."

அப்படித் திருப்பியிருப்பேனா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். திருப்பியிருப்பேன்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு ஃபிளாஸ்கோடு எழுந்து நின்றேன். கடிகாரத்தைக் கழற்றிப் பள்ளிவாசல் மணிக்கூட்டின் கீழே பிடித்துக்காட்டினேன். நான் சொன்ன பொய்யை, பொய் என்று அறியாமல் சொன்னதை, சொன்ன இடத்திலேயே திருப்பி எடுத்தேன். மனுவை யாரும் வாசிக்கவில்லை. ஹாஜியார் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியேறினார். அடுத்த வருடம் அந்தக் கட்டடம் சீமெந்துக் களஞ்சியமாகிவிட்டது.

அன்று பின்னேரம் நஸீறாவின் வீட்டுக்குப் போனேன். உடைந்த ஓடுகளுக்கு மேல் பொலித்தீன் விரித்திருந்தார்கள். அவள் வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"நான் சொன்னது பிழை" என்றேன்.

"கேள்விப்பட்டன்" என்றாள். "நான் டொக்டரோட வரக்குள்ள நீங்க அவர்ட கையப் புடிச்சிக்கிட்டு இருந்தீங்க. குளிர்ந்திருந்திச்சா?"

"ஓம்."

"எவ்வளவு நேரமா?"

பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் கதவைச் சாத்தினாள்.

பிறகு அவள் பொத்துவில் பக்கம் ஒரு வார்ட்டில் வேலைக்குச் சேர்ந்ததாகவும், இன்னமும் முழு நிமிடம் எண்ணுவதாகவும் உம்மு மிஸ்ஸி சொன்னார். நான் அவளை மறுபடி காணவில்லை.

அந்த ஒக்டோபரில் அரசாங்கம் அரை மணியைத் திருப்பித் தந்தது. பத்து வருடம் கழித்து, ஒரு ஏப்ரலில், மிச்ச அரை மணியையும் தந்தது. நாடெல்லாம் முள்ளைத் திருப்பிய அன்று நான் வாப்பாவின் கடிகாரத்துக்கு வழக்கம்போல் சாவி மட்டும் கொடுத்தேன். லுஹருக்குப் பாங்கு சொன்னது. அது பன்னிரண்டு பத்துக் காட்டியது.